சுண்டெலிக்குள் ஒரு பழைய வைரஸ்

அன்புள்ள ஐயா,

சுண்டெலியின் உயிரணுக்களில் உள்ள எஃப்வி1 என்னும் புரதம் ரெட்ரோவைரஸைத் தடுக்கிறது, அந்தப் புரதமே பழைய வைரஸ் ஒன்றின் எச்சம் என்று எழுதியிருந்தீர்கள். பகையே காவலாவது எப்படி? எங்கள் செந்தூலில் எலிச்சிறுநீர் நோய் என்றாலே அஞ்சுகிறோம். எலியிடம் இப்படி ஒரு புரதம் இருந்தால் அதை மருந்தாக்கி நமக்குத் தரலாமே?

பார்வதி, செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள பார்வதி,

எலிச்சிறுநீர் நோயை முதலில் ஒதுக்கிவிடுவோம். அது லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியாவால் வருவது. ரெட்ரோவைரஸோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ரெட்ரோவைரஸ் தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகப் படியெடுத்து உயிரணுவின் மரபணுத் தொகுதிக்குள் செருகிவிடும். விந்தணுவிலோ கருமுட்டையிலோ அப்படி நுழைந்துவிட்டால் அது பரம்பரைச் சொத்து. மனித மரபணுத் தொகுதியிலேயே சுமார் 8 விழுக்காடு இத்தகைய எச்சங்கள்தாம். பெரும்பாலானவை சிதைந்து கிடக்கின்றன. சுண்டெலியின் முன்னோரிடம் அப்படித் தங்கிய ஒன்றின் துண்டு மட்டும் உருப்படியாகப் பிழைத்தது, அதுதான் எஃப்வி1. 1996இல் லண்டனில் வைரஸ் ஆய்வாளர் ஜொனாதன் ஸ்டோயின் குழு எஃப்வி1 மரபணுவைப் பிரித்தெடுத்தபோதுதான் இந்த வம்சாவளி வெளிப்பட்டது.

அதற்காக, எதிரி மனம் மாறிக் காவலுக்கு நின்றதாக நினைக்க வேண்டாம். எஃப்வி1 தடுப்பது சுண்டெலிக்கு ரத்தப்புற்று தரும் வைரஸ்களை. அவற்றுக்கும் எஃப்வி1 பிறந்த வைரஸுக்கும் தூரத்து உறவுதான். வந்த வைரஸின் உட்கூட்டில், அதாவது அதன் ஆர்என்ஏவைப் பொதிந்திருக்கும் புரதக் கூட்டில், அந்தத் துண்டிலிருந்து உருவான புரதம் தற்செயலாக ஒட்டியது, அப்படி ஒட்டும் புரதம் இருந்த எலிகள் பிழைத்துக் குட்டி போட்டன. எஃப்வி1 ஒட்டினாலும் வைரஸின் டிஎன்ஏ படியெடுப்பு பெரும்பாலும் நடந்து முடிந்துவிடுகிறது. மரபணுத் தொகுதிக்குள் செருகும் கடைசி வேலைதான் நடப்பதில்லை.

இந்தத் தடுப்பு மிகக் குறுகலானது. அந்த ரத்தப்புற்று வைரஸ்களில் 'பி', 'என்' என்று வகைகள் உண்டு. ஒரு வகைச் சுண்டெலியின் எஃப்வி1 'பி' வைரஸை நிறுத்தி 'என்' வைரஸை விட்டுவிடும். இன்னொரு வகையில் நேர்மாறு. இரண்டு வைரஸ்களையும் பிரிப்பது முக்கியமாக உட்கூட்டுப் புரதத்தின் 110ஆவது அமினோ அமிலம். அது மாறினால் வைரஸ் தப்பிவிடும். இதை மருந்தாகக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நம்மிடம் எஃப்வி1 கிடையாது. ட்ரிம்5ஆல்ஃபா என்னும் வேறொரு புரதம் இருக்கிறது. விசித்திரம் பாருங்கள், அது சுண்டெலியின் 'என்' வைரஸை நன்றாகத் தடுக்கிறது, எய்ட்ஸ் தரும் ரெட்ரோவைரஸான எச்ஐவியிடம் சோர்ந்துபோகிறது. ரீசஸ் குரங்கின் ட்ரிம்5ஆல்ஃபாவோ எச்ஐவியை நிறுத்திவிடுகிறது, 2004இல் கண்டறிந்தார்கள். இரவல் கேட்பதென்றால் குரங்கிடம்தான் கேட்க வேண்டும்.

ஆனால் தாக்க வேண்டிய இடம் உட்கூடு என்பதை மருந்துத் துறையும் பிடித்துக்கொண்டது. எச்ஐவியின் உட்கூட்டைக் குறிவைக்கும் லெனகாபவிர் என்னும் மருந்து 2022இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. அது ஆய்வகத்தில் வடிவமைத்த சிறு மூலக்கூறு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசியாகப் போடுகிறார்கள்.