காட்ஸில்லா: பார்த்தவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

1954ஆம் ஆண்டின் ‘காட்ஸில்லா’வையும் 2023இல் வந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ படத்தையும் அண்மையில் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். காட்ஸில்லா, ஹைட்ரஜன் குண்டுச் சோதனையால் கிளர்ந்து கடலிலிருந்து எழும் ராட்சத விலங்கு. ஜப்பானின் தோஹோ நிறுவனம் எடுத்த படங்கள்தாம் என் எல்லை. ஹாலிவுட் படங்களைப் பற்றிக் கேட்பவர்கள் ஒரு வரிக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு படங்களின் முடிவும் கீழே பேசப்படுவதால், பார்க்காதவர்கள் பார்த்த பிறகு படிப்பது நல்லது.

கேள்வி: 1954ஆம் ஆண்டுப் படம் 96 நிமிடம் ஓடுகிறது. அதில் காட்ஸில்லா தலைகாட்டவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. வந்தாலும் உடனே போய்விடுகிறது. இதை ஏன் எல்லோரும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

படம் கடலில்தான் தொடங்குகிறது: அமைதியான இரவில் ஒரு கப்பல் போகிறது, தண்ணீர் கண்ணைக் கூசவைக்கும் ஒளியோடு பொங்குகிறது, கப்பல் தீப்பிடித்து மூழ்குகிறது. இன்று பார்க்கிற நமக்கு இது கதையை நகர்த்தும் ஒரு காட்சி மட்டுமே. 1954 நவம்பர் 3 அன்று திரையரங்கில் உட்கார்ந்திருந்த ஜப்பானியருக்கு அப்படி இருந்திருக்க முடியாது. அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்த 15 மெகாடன் ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், சூரை மீன் பிடிக்கப் போயிருந்த ‘ஐந்தாம் ஃபுகுரியூ மாரு’ என்ற படகின் மேல் பெய்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றனர். படகின் வானொலித் தொடர்பைக் கவனித்த ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்துபோனார். தோக்கியோவின் சுகிஜி சந்தைக்கு வந்த மீன்களைக் குழிதோண்டிப் புதைத்தார்கள். படம் வெளியானபோது குபோயாமா இறந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு இரயில் காட்சியை மறுபடி பாருங்கள். அலுவலகம் போகும் மூன்று பேர் பேசிக்கொள்கிறார்கள். கதிர்வீச்சு ஏறிய மீன், கதிர்வீச்சு மழை, இப்போது காட்ஸில்லா வேறு என்று அவர்களில் ஒரு பெண் சலித்துக்கொள்கிறாள். நாகசாகியில் தப்பிப் பிழைத்த உயிர் இதற்குத்தானா என்கிற தொனியில் பேசுகிறாள். மழைக்காலத்தைப் பற்றிப் பேசுவதுபோல் அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். நகரம் எரிந்த பிறகு வரும் மருத்துவமனைக் காட்சி இன்னும் கடுமையானது. நடைகூடத்தில் கிடத்தப்பட்டிருக்கும் காயம்பட்டவர்களுக்கு நடுவே, ஒரு குழந்தையின் முன்னால் ஆய்வாளர் கதிர்வீச்சுமானியைப் பிடிக்கிறார். கருவி படபடக்கிறது. அருகில் நிற்கும் கதாநாயகி எமிக்கோவைப் பார்த்து அவர் தலையை மட்டும் அசைக்கிறார். ஒரு வசனமும் இல்லை. இயக்குநர் இஷிரோ ஹோண்டா போரில் சிப்பாயாக இருந்து, 1946இல் சீனாவிலிருந்து திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கடந்து வந்தவர். காலுக்கு அடியில் இருப்பவர்களைப் பற்றிய இந்தப் படத்தில் காட்ஸில்லா எத்தனை நிமிடம் வந்தது என்று கணக்குப் பார்ப்பவர்கள் பார்க்க வேண்டியதைத் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: ரப்பர் உடைக்குள் ஆள் நடப்பது அப்பட்டமாகத் தெரிகிறது. சிரிப்பை அடக்க முடியவில்லை.

சிரித்துவிட்டுப் பாருங்கள், தவறில்லை. ஆனால் என்ன செய்திருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். 50 மீட்டர் உயர உருவத்தை ஏறக்குறைய 2 மீட்டர் உடைக்குள் அடைப்பதற்காக, நகரத்தை இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் கட்டினார்கள். அவ்வளவு சிறிய கட்டடம் இடிந்தால் செங்கல் சட்டென்று தரையைத் தொட்டுவிடும். பெரிய கட்டடத்தின் இடிபாடு விழ நேரமாகும். விழும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது; இருபத்தைந்தின் வர்க்கமூலம் ஐந்து என்பதால், இயற்பியல்படி சரியாக வர வேண்டுமென்றால் ஐந்து மடங்கு வேகத்தில் படம்பிடித்து இயல்பான வேகத்தில் ஓட்ட வேண்டும். சிறப்புக் காட்சிகளை அமைத்த எய்ஜி த்சுபுராயா கேமராவை வேகமாக ஓட்டியதன் காரணம் இதுதான். அந்த உடலுக்குக் கனம் வந்ததும் இதனால்தான். வேகமாக ஓடும் பிலிமுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும், வெளிச்சம் கூடினால் வெப்பம் கூடும். நூறு கிலோவை ஒட்டிய முதல் உடைக்குள் அந்த வெப்பத்தில் நடந்தவர் ஹருவோ நகஜிமா. 1972 வரை அவரே அந்த வேடத்தில் தொடர்ந்தார். காட்ஸில்லாவின் மூச்சில் உருகி வளையும் மின்கோபுரங்கள் மெழுகால் செய்யப்பட்டவை. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் பிடித்த தந்திரக் காட்சி அது.

கேள்வி: எந்த வரிசையில் பார்க்க வேண்டும்?

முதலில் 1954, பிறகு எது வேண்டுமானாலும். ஓர் எச்சரிக்கை: 1956இன் அமெரிக்கப் பதிப்பை மூலப்படம் என்று நினைத்துப் பார்த்துவிடாதீர்கள்.

கேள்வி: நான் பார்த்த பிரதியில் ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் கதை சொல்லிக்கொண்டே வருகிறார். அது எந்தப் படம்?

மேலே எச்சரித்தது இதைத்தான். ஜப்பானியப் படத்தை வாங்கி, கணிசமான பகுதியை வெட்டி, ரேமண்ட் பர் நடித்த புதிய காட்சிகளைச் செருகி, சுமார் 80 நிமிடத்துக்கு அடக்கிய பதிப்பு அது. நாகசாகியைச் சொல்லும் அந்த இரயில் உரையாடல் அதில் இல்லை. உண்மையைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள், அயலுறவும் கெடும் என்று நாடாளுமன்றக் குழுவில் ஓர் உறுப்பினர் வாதிட, பெண் உறுப்பினர்கள் கொதித்தெழும் காட்சியும் இல்லை. அந்தப் பதிப்பைப் பார்த்துவிட்டு, ஏதோ ஊரை இடிக்கும் படம் என்று எழுதுபவர்கள் மேல் தவறில்லை. அவர்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளில் முறையாக வெளியாக 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: ராட்சதக் குரங்கு கிங் காங்கோடு காட்ஸில்லா மோதும் 1962ஆம் ஆண்டுப் படத்தின் ஜப்பானியப் பதிப்பில் காட்ஸில்லா வெல்வதாகச் சொல்கிறார்களே?

இல்லை. ஜப்பானிய, அமெரிக்கப் பதிப்புகள் இரண்டிலும் இருவரும் கடலில் விழுகிறார்கள், காங் நீந்திப் போகிறது. இந்தக் கட்டுக்கதையை இத்துடன் விட்டுவிடுவோம்.

கேள்வி: ‘மைனஸ் ஒன்’ எனக்கு உறுத்தியது. போர் முடிந்த ஜப்பானில் முன்னாள் கடற்படையினர் மறுபடி கப்பல் ஏறுகிறார்கள், பழைய போர்விமானம் பறக்கிறது, எல்லோரும் கண்ணீர் விடுகிறார்கள். ஆசிய நாடுகளுக்கு அந்தப் படை செய்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. இது மறைமுகமான போர்ப்புகழ்ச்சி இல்லையா?

உங்கள் உறுத்தலில் பாதி நியாயம் உண்டு. ஜப்பான் அனுபவித்த துயரம் படம் முழுக்க இருக்கிறது. பிறருக்கு இழைத்தது எங்கும் இல்லை. ஆனால் இந்தக் குற்றச்சாட்டை 2023இன் மேல் மட்டும் சுமத்துவது சரியில்லை, 1954ஆம் ஆண்டுப் படத்திலும் இதே மௌனம் உண்டு. புகழ்ச்சி என்ற சொல்லைத்தான் நான் ஏற்கமாட்டேன். இயக்குநர் தகாஷி யமசாகி கதையில் அரசாங்கத்தை அறவே ஒதுக்கிவைக்கிறார். சோவியத்தோடு உரசல் வரும் என்று அமெரிக்கர்கள் விலகிக்கொள்கிறார்கள். ஆயுதமில்லாத கப்பல்களில் ஏறுபவர்கள் எல்லாம் விருப்பப்பட்டு வந்த பொதுமக்கள், வேண்டாம் என்பவர்கள் எழுந்து போகவும் படம் அனுமதிக்கிறது. காட்ஸில்லாவை அழிக்கும் திட்டத்தை விளக்கும் நோதா என்ற பொறியாளர், இந்த நாடு உயிரை மலிவாக நினைத்தது என்று பட்டியலிடுகிறார்: கவசம் போதாத டாங்கிகள், உணவு போய்ச்சேராத படைகள், வெளியேற வழியில்லாத விமானங்கள். தற்கொலைத் தாக்குதலுக்குப் போகாமல் ஓடிவந்த விமானி ஷிகிஷிமா, கடைசியில் அதே வகை மரணத்தை நோக்கிப் பறக்கும்போது, அவனுக்கு வெளியேறும் இருக்கையைப் பொருத்தித் தருகிறவன், ஷிகிஷிமாவின் கோழைத்தனத்தால் தோழர்களை இழந்த அந்த இயந்திரப் பணியாளன். படத்தின் வாதம் முழுவதும் அந்த இருக்கையில் இருக்கிறது.

கேள்வி (மேலே கேட்டவருக்கு மறுப்பாக): ராட்சத விலங்குப் படத்தில் எதற்கு வரலாற்றுப் பாடம்? கிராபிக்ஸைப் பார்த்தோமா, ரசித்தோமா என்று இருக்கக் கூடாதா?

1945இல் தொடங்கி 1947இல் முடியும் ஒரு கதையை, அந்த ஆண்டுகளைத் தானே விரும்பித் தேர்ந்தெடுத்த ஒரு படத்தை, வரலாறு இல்லாமல் பார்ப்பது எப்படி? அதில் வரும் ‘யுகிகாஸே’ உண்மையான போர்க்கப்பல்; போரில் தப்பிப் பிழைத்து 1947இல் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து வந்து காட்ஸில்லாவிடம் அழியும் ‘தகாவோ’வை உண்மையில் பிரிட்டிஷார் 1946இல் மலாக்கா நீரிணையில் மூழ்கடித்தார்கள். சிங்கப்பூருக்கு அந்தக் கப்பல் ஏன் போயிற்று என்று படம் கேட்கவில்லை. முந்தைய நண்பர் கேட்கிறார், கேட்கட்டும். ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: கிராபிக்ஸ் உங்களுக்குப் பிடித்ததில் வியப்பில்லை, காட்சித் தந்திரங்களுக்கான ஆஸ்கரை வாங்கிய முதல் ஜப்பானியப் படம் அது.

கேள்வி: அப்படியானால் 1954இல் விஞ்ஞானி செரிசாவா தன் உயிரைக் கொடுத்துக் காட்ஸில்லாவை அழிப்பது மட்டும் தற்கொலைத் தாக்குதல் இல்லையா?

இன்று வந்தவற்றில் நல்ல கேள்வி இது. காட்ஸில்லாவைக் கொல்ல செரிசாவா சாக வேண்டியதில்லை. கடலடியில் கருவியை இயக்கிவிட்டு, கூட இறங்கிய ஒகாத்தாவோடு மேலே வந்திருக்கலாம். ஒகாத்தா வரவும் செய்கிறான். ஆக்சிஜனை அழிக்கும் அந்தக் கருவியைப் பற்றிய குறிப்புகளை முன்பே எரித்துவிட்ட விஞ்ஞானி, மீதமிருக்கும் ஒரே பிரதி தன் மண்டைக்குள் இருக்கிறது என்பதால் தன்னை மேலே இழுக்கும் கயிற்றை அறுக்கிறான். அரசியல்வாதிகளின் கைக்கு அது போனால் இன்னொரு அணுகுண்டு ஆகிவிடும் என்ற பயம் அவனுக்கு. தற்கொலை விமானி ஆயுதத்தோடு சேர்ந்து இலக்கை நோக்கிப் போகிறான். செரிசாவா ஆயுதத்தையே உலகத்திலிருந்து எடுத்துக்கொண்டு போகிறான். ஷிகிஷிமா பிழைத்து வரும்போது நாம் அழுகிறோம், மனம் லேசாகிறது. 1954இல் அந்த ஆறுதல் கிடையாது: வெற்றி கிடைத்த கப்பலில் நின்றுகொண்டு, சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஸில்லா வரும் என்கிறார் விலங்கை ஆராய்ந்த முனைவர் யமானே. எனக்கு அந்த முடிவே உயர்ந்தது. ‘மைனஸ் ஒன்’ கடைசி நிமிடங்களில் எல்லோரையும் சேர்த்துவைக்க அவசரப்படுகிறது.

கேள்வி: ‘ஷின் காட்ஸில்லா’வில் பாதிப் படம் அதிகாரிகள் கூட்டம் போடுகிறார்கள். தூக்கம் வந்துவிட்டது.

2011இன் நிலநடுக்கத்துக்கும் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கும் ஐந்து ஆண்டுகள் கழித்து ஹிதேயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் எடுத்த படம் அது. விலங்கு ஆற்றுவழியே ஊருக்குள் வந்துகொண்டிருக்கும்போது, எந்தச் சட்டத்தின் கீழ் சுடலாம் என்று அறை மாறி அறை உட்காருவதுதான் அதன் திகில், நகைச்சுவையும் அதுவே. கூட்டங்களை ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது.

கேள்வி: அந்த உறுமல் எந்த விலங்கினுடையது?

விலங்கு இல்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனைப்படி, பிசின் பூசிய தோல் கையுறையால் தளர்த்திய கான்ட்ராபாஸ் தந்தியை இழுத்துத் தேய்த்து, பதிவை மெதுவாக ஓட்டி உண்டாக்கிய ஒலி.

கேள்வி: எதை முதலில் பார்ப்பது, 1954ஐயா 2023ஐயா?

மேலே படிக்கவும்.

கேள்வி: 2014இன் ஹாலிவுட் படம்?

உருவம் கம்பீரம், மனிதர்கள் வெறுமை.

கேள்வி: யூடியூபில் வண்ணமும் ஆங்கில டப்பிங்கும் உள்ள 1954ஆம் ஆண்டுப் பிரதி கிடைத்தது. பார்க்கலாமா?

மூலப்படம் கறுப்பு வெள்ளை. பத்திரிகையாளர் வந்தால் அணைத்துவிடுங்கள். வராவிட்டாலும் வண்ணத்தைக் குறைத்துவிட்டு, ஜப்பானிய ஒலியும் சப்டைட்டிலும் உள்ள பிரதியைத் தேடுங்கள். அந்த இருட்டில்தான் உடையின் தையல் மறைகிறது, கின்சா கடிகாரக் கோபுரத்துக்குப் பின்னால் எழும் நிழலுக்கும் அச்சம் வருகிறது.

கேள்வி: ஆறு வயது மகனுக்கு எதைக் காட்டலாம்?

1954 வேண்டவே வேண்டாம். மருத்துவமனைக் காட்சியும், கட்டடத்தின் அடியில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அப்பாவிடம் போகப்போகிறோம் என்று சொல்லும் தாயும் அந்த வயதுக்கு உரியவை அல்ல. 1961இன் ‘மோத்ரா’விலிருந்து தொடங்குங்கள், பெரிய அந்துப்பூச்சி, பாடும் இரு சிறிய பெண்கள், ஹோண்டாவே இயக்கியது. ‘மைனஸ் ஒன்’ பதின்பருவம் வரட்டும்.

கேள்வி: காமேரா என்ற ஆமையைப் பற்றியும் சொல்லுங்களேன்.

அது 1965இல் தாயேய் நிறுவனம் தொடங்கிய வரிசை, என் எல்லைக்கு வெளியே. அதை நன்கு அறிந்தவர் யாராவது தனியாக ஓர் அமர்வு நடத்தினால் நானும் கேள்வி கேட்க வருவேன்.