எனக்கு ஏடிஹெச்டி இருக்கிறதா, டாக்டர்?

கேள்வி: வயது 27, கோவையில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிறேன். சாவி வைத்த இடம் மறக்கிறது, உட்கார்ந்தால் கால் ஆட்டுகிறேன், எந்த வேலையையும் முடிப்பதில்லை. ரீல்ஸ் பார்த்ததில் ஏடிஹெச்டியோ (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) ஆட்டிசமோ என்று பயம். ஏடிஹெச்டிக்குத் தரும் மெத்தில்பெனிடேட் மாத்திரையைத் தோழியிடம் வாங்கிச் சில நாள் போட்டேன். கவனம் நின்றது, நெஞ்சு படபடத்தது. இரண்டு மாதமாக மூன்று மணிக்கே விழிப்பு, பாட்டு கேட்கக்கூடப் பிடிக்கவில்லை, காலையில் எழாமலே போனால் நிம்மதி என்றுகூடத் தோன்றுகிறது. வெளியே தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடுமா?

பதில்: ‘எழாமலே போனால் நிம்மதி’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முக்கியம். விடியுமுன் விழிப்பு, பிடித்தது பிடிக்காமல் போவது, கூடவே இந்த எண்ணம். இவை இரண்டு வாரம் நீடித்தாலே மனச்சோர்வா என்று பார்த்தாக வேண்டும்; உங்களுக்கு இரண்டு மாதம் ஆகிவிட்டது. இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகும் எண்ணம் வலுத்தாலோ, எப்படி என்று மனம் யோசிக்க ஆரம்பித்தாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்பிச் சொல்லி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண். கட்டணம் கிடையாது, நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

தோழியின் மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். ஏடிஹெச்டி இல்லாத பலருக்கும் அது கவனத்தைக் கொஞ்சம் கூட்டும், அதை வைத்து எதுவும் உறுதியாகாது. நாடித்துடிப்பையும் பிபியையும் ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். மூன்று மணிக்கே விழித்துக்கொள்பவருக்கு இதுவா வேண்டும்?

கால் ஆட்டுவதும் சாவி மறப்பதும் பாதி ஊருக்கு உண்டு, விடுங்கள். ஆட்டிசம் என்று நினைக்க உங்கள் கடிதத்தில் ஒன்றுமே இல்லை.

ஏடிஹெச்டி சந்தேகத்தை மட்டும் நான் தள்ளிவிடவில்லை. அது 27 வயதில் புதிதாக முளைக்காது. 12 வயதுக்கு முன்பே, வீட்டிலும் பள்ளியிலும் அடையாளம் இருந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளிடம் அது கண்ணில் படாமல் போவதும் உண்மை. பெஞ்சை விட்டு ஓடும் பையனுக்காக டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்புவார். ஜன்னலைப் பார்த்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணை யார் கேட்கிறார்கள்? அம்மாவிடம் விசாரியுங்கள், பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துப் போங்கள். ஆனால் முதலில் மனச்சோர்வைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதுவே கவனத்தையும் ஞாபகத்தையும் கெடுக்கும். தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்க்கச் சொல்வார்கள், பாருங்கள்.

மூளை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி இயங்கும், அதில் குறை காணாதீர்கள் என்று இன்று பலரும் சொல்கிறார்கள். நானும் அதை முழுமனதாக ஏற்கிறேன். ஏடிஹெச்டி இருந்தால் அப்படியே பாருங்கள். ஆனால் மனச்சோர்வு அந்தக் கணக்கில் வராது. அது சிகிச்சை உள்ள நோய். ‘என் மூளையே இப்படித்தான்’ என்று அதையும் சேர்த்துச் சுமக்காதீர்கள்.

இரண்டில் எது இருந்தாலும் கல்யாணத்துக்குத் தடையில்லை. வீட்டில் சொல்லத் தயக்கம் என்றால், மாத்திரை கொடுத்த தோழியையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று டாக்டர் கேட்பார், தோழி பக்கத்தில் இருந்தால் நல்லது.