அகோவா சட்டத்தால் ஆப்பிரிக்க நாடுகளுக்கு என்ன லாபம்?

அகோவா (ஆப்பிரிக்க வளர்ச்சி மற்றும் வாய்ப்புச் சட்டம்), 2000 மே மாதம் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்ட அமெரிக்கச் சட்டம். சகாராவுக்குத் தெற்கே உள்ள தகுதிபெற்ற நாடுகளின் பல பொருள்களுக்கு அது இறக்குமதி வரியை நீக்கியது. நிதியுதவி அல்ல, வரிச்சலுகை.

பெரிய பலன் ஆயத்த ஆடையில்தான். பருத்திக் கால்சட்டைக்கு அமெரிக்காவில் வழக்கமான வரி ஏறத்தாழ 16 சதவீதம். அது விலகியதும் லெசோத்தோ நாட்டின் தலைநகர் மசேருவில் ஜீன்ஸ் தைக்கும் ஆலைகள் பெருகின. துணி சீனாவிலிருந்துகூட வரலாம். தையல் லெசோத்தோவில் நடந்தால் போதும். சட்டத்தின் உயிரே இந்த விதிவிலக்குதான் என்பேன். நெசவாலைகள் அரிதான நாடுகளிடம் சொந்தத் துணி கேட்டால் கதை நடக்காது.

ஆனால் குடுமி வாஷிங்டன் கையில். தகுதியை அதிபர் ஆண்டுதோறும் பரிசீலிப்பார். எத்தியோப்பியாவின் டிக்ராய் பகுதியில் நடந்த போரைக் காட்டி 2022 ஜனவரியில் அந்நாட்டை நீக்கினார்கள். அடி விழுந்தது அங்குள்ள ஹவாசா தொழிற்பூங்காவின் தையல் தொழிலாளர்கள் மீது.