இடது பக்க பலவீனத்துக்கு எம்62.81 ஏன் தவறு?

பழைய ஸ்ட்ரோக் நோயாளியின் 'இடது பக்க பலவீன'த்துக்கு மெடிக்கல் கோடிங்கில் எம்62.81 (M62.81) என்ற ஐசிடி-10-சிஎம் நோய்க் கோடு போட்டதை ஆடிட்டில் தவறு என்றார்கள் எனக் கேட்டிருந்தீர்கள். ஆடிட்டர் சொன்னது சரிதான். எம்62.81 என்பது உடல் முழுக்கத் தசை பலவீனமாக இருந்தால் போடும் கோடு.

இந்த சார்ட்டில் முதலில் ஒரு சொல்லைத் தேடுங்கள்: 'ஸ்ட்ரோக்கினால்'. டாக்டர் அப்படி இணைத்து எழுதியிருந்தால், ஒரு பக்க பலவீனத்தை ஹெமிபரேசிஸாகவே (ஒரு பக்கப் பகுதி வாதம்) எடுக்கலாம் என்று கோடிங் வழிகாட்டி இதழான கோடிங் கிளினிக் 2015-இல் சொல்கிறது. அப்போது போட வேண்டிய கோடு ஐ69.354. ஸ்ட்ரோக்குக்குப் பின் இடது நான்-டாமினன்ட் (பழக்கக் கை இல்லாத) பக்கத்தில் ஹெமிபரேசிஸ் என்பது அதன் பொருள். எந்தக் கைப் பழக்கம் என்று குறிப்பில் இல்லாவிட்டால், இடது பக்கத்தை நான்-டாமினன்ட் என்று எடுப்பதுதான் விதி. இடது கைப் பழக்கம் என்று எழுதியிருந்தால், இடதுதான் டாமினன்ட் பக்கம், எனவே ஐ69.352.

ஸ்ட்ரோக் என்பது ஹிஸ்டரியில் (பழைய நோய்க் குறிப்பில்) மட்டும் பலவீனத்தோடு இணைக்கப்படாமல் தனியாக நிற்கிறதா? தயவுசெய்து நீங்களாக இணைக்காதீர்கள், டாக்டருக்கு க்வெரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்புங்கள். பலவீனத்துக்கு என்ன காரணம் என்று மட்டும் கேளுங்கள். பதிலை நீங்களே எடுத்துக்கொடுக்கக் கூடாது.