வீட்டிலேயே கிஃப்ட் டேக் வடிவமைத்து அச்சிட ஃபோட்டோ எடிட்டிங் மென்பொருள் போதுமா? எங்கிருந்து தொடங்குவது?

தாராளமாகப் போதும். படம் திருத்தும் மென்பொருளும் சாதாரண வீட்டு பிரிண்டரும் மட்டுமே கையில் இருக்கின்றன, பரிசுப் பொட்டலத்தில் கட்டும் டேக்குகளை இவற்றைக் கொண்டு நானே செய்துகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பரிசுகளுக்கான டேக்குகளை நான் கிம்ப் என்ற இலவசப் படம் திருத்தும் மென்பொருளில்தான் செய்துவருகிறேன். ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கும் வழிமுறை ஏறக்குறைய இதுவேதான். (தமிழில் 'பரிசுச் சீட்டு' என்று எழுதிவிடலாம் என்றால் படிப்பவர் லாட்டரியை நினைத்துக்கொள்வார் என்பதால், பதில் முழுவதும் டேக் என்றே எழுதுகிறேன்.)

தொடங்க வேண்டிய இடம் கணினி அன்று, கத்தரிக்கோல். பழைய அட்டை ஒன்றைத் தோராயமாக வெட்டி, பொட்டலத்தின் மேல் வைத்துப் பாருங்கள். பெரிதாகத் தெரிந்தால் ஓரத்தை நறுக்குங்கள். கண்ணுக்குச் சரியாகப்பட்டவுடன் ஸ்கேலால் அளந்து, அந்த மில்லிமீட்டர் கணக்கோடு திரைக்கு முன்னால் உட்காருங்கள். நான் இதைச் செய்யாமல், 600 பிக்சல் அகலத்தில் ஒரு புதுப் படத்தைத் திறந்து, மாலை முழுவதும் பூவும் கொடியுமாக நுணுக்கி வரைந்தேன். திரையில் ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்குத் தெரிந்த அந்த வேலைப்பாடு, 300 டிபிஐயில் (அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம்) அச்சானபோது 5 சென்டிமீட்டராகச் சுருங்கி, கொடியெல்லாம் நூல் சிக்குப் போலத் தெரிந்தது. பிக்சல் எண்ணிக்கைக்குத் தனியாக ஒரு நீளம் கிடையாது. ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அதற்கு நீளம் பிறக்கிறது.

என் அட்டை வெட்டில் நிலைத்த அளவு 45 மி.மீ. அகலமும் 85 மி.மீ. உயரமும் ஆகும். 300 டிபிஐயில் இது 531 × 1004 பிக்சல். ஆனால் சரியாக இந்த அளவுக்கே வரைந்தால், வெட்டும்போது கத்தி அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு ஒன்று பல்லைக் காட்டும். ஆகவே பின்னணி நிறத்தை நான்கு பக்கமும் 2 மி.மீ. வெளியே வழியவிட்டு, 49 × 89 மி.மீ., அதாவது 579 × 1051 பிக்சல் என்று கோப்பைத் திறக்கிறேன். அச்சகங்கள் பொதுவாக 3 மி.மீ. கேட்கும், கையால் வெட்டும் நமக்கு 2 போதுமானது. அதேபோல் வெட்டுக் கோட்டுக்கு உள்ளே 4 மி.மீ. வரை எழுத்தோ முகமோ வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏ4 தாள் 210 × 297 மி.மீ. என்பதால், வழியவிட்ட அளவோடு சேர்த்தே குறுக்கில் நான்கும் நெடுக்கில் மூன்றுமாக 12 டேக்குகள் ஒரு தாளில் அடங்கிவிடும். பக்கவாட்டில் 7 மி.மீ. வீதம் மிச்சமும் இருக்கும். அந்த மிச்சம் அவசியம். பெரும்பாலான வீட்டு பிரிண்டர்கள் தாளின் விளிம்பில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு மை வைக்க மாட்டா.

கிம்ப்பில் புதிய படம் திறக்கும் பெட்டியில் அலகை மில்லிமீட்டராக மாற்றி, மேம்பட்ட விருப்பங்களுக்குள் சென்று 300 என்று கொடுத்துவிட்டால், மேற்சொன்ன கணக்கையெல்லாம் மென்பொருளே போட்டுக்கொள்ளும். லேயர் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் போன்ற அடுக்கு. பின்னணி ஒரு லேயர், படம் ஒரு லேயர், வாழ்த்து ஒன்று, பெறுபவர் பெயர் தனியாக ஒன்று, துளை போடும் இடத்தைக் காட்டும் வெளிறிய புள்ளி ஒன்று என்று பிரித்து வைத்துக்கொள்வது பின்னால் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது மூன்றாவது பெயரை மாற்றும்போதுதான் தெரியும். வேலைக் கோப்பை, கிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப், ஃபோட்டோஷாப் என்றால் பிஎஸ்டி வடிவில் சேமியுங்கள். ஜேபெக்காக மட்டும் சேமித்து மூடிவிட்டால் லேயர்கள் எல்லாம் ஒன்றாக ஒட்டிப்போய், எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாமல் திண்டாட நேரிடும். ஃபோட்டோஷாப்பில் டேக்கை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக மாற்றி 12 முறை நகலெடுத்தால், மூலத்தில் செய்யும் ஒரு திருத்தம் எல்லாவற்றிலும் தானாக ஏறிவிடும். கிம்ப்பில் நான், தெரிவதை மொத்தமாக நகலெடுத்து, 2480 × 3508 பிக்சல் கொண்ட ஏ4 கோப்பில் வழிகாட்டிக் கோடுகளை இழுத்துவைத்து, அவற்றோடு ஒட்டுமாறு ஒவ்வொன்றாகப் பதிக்கிறேன். சற்று அலுப்பான வேலைதான், ஆனால் ஒருமுறை கோடுகளைப் போட்டுவிட்டால் அந்தக் கோப்பு அடுத்த முறைக்கும் உதவும்.

படத்தின் தரத்தைப் பற்றிப் பலர் தேவையில்லாமல் கவலைப்படுகிறார்கள். 1200 பிக்சல் அகலமுள்ள படம் 300 டிபிஐயில் 10 சென்டிமீட்டருக்கு மேல் வரும் என்பதால், நம் டேக்குக்கு எந்தக் கைப்பேசிப் படமும் போதும். கவலைப்பட வேண்டியது வெளிச்சத்தைப் பற்றித்தான். திரை தானே ஒளிர்கிறது, காகிதம் தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. எனவே திரையில் அழகாகத் தெரியும் மாலை நேரப் படம் அச்சில் புகை படிந்ததுபோல் வரும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸ் கருவியில், வளைகோட்டின் நடுப்புள்ளியைச் சற்று மேலே தூக்கி, திரையில் கொஞ்சம் வெளிறியதாகத் தெரியுமளவுக்குக் கொண்டுவந்துவிட்டு அச்சிடுகிறேன். நிறத்தை அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே முறைக்கு மாற்ற வேண்டுமா என்று கேட்பீர்களானால், வீட்டு பிரிண்டருக்குத் தேவையில்லை. திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் உள்ள கோப்பை வாங்கி, பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளே மாற்றிக்கொள்ளும். கண்ணைப் பறிக்கும் பச்சையும் மின்னல் நீலமும் மட்டும் எப்படியும் மங்கித்தான் வரும்.

தமிழ் எழுத்துகளுக்கு வருகிறேன், ஏனெனில் இங்குதான் எனக்கு மானம் போயிற்று. முதல் தாளை வேறொரு பழைய மென்பொருளில் தட்டச்சு செய்தேன். 'பொன்னி' என்ற பெயரில் ஒற்றைக்கொம்பு 'ப'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றிருந்ததை, டேக்கை வெட்டி, நூல் கோத்து, பொட்டலத்தில் கட்டிய பிறகுதான் கவனித்தேன். ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துகளை முறையாகக் கோக்கும் வசதி அந்த மென்பொருளில் இல்லாததே காரணம். கிம்ப்பில் இந்தத் தொல்லை எனக்கு வந்ததில்லை. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் கொம்புகள் இடம் மாறினால், அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குச் சென்று, தெற்காசிய மொழி எழுத்துகளைக் கோக்கும் முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய எழுத்து லேயர் அதன் பிறகும் திருந்தாவிட்டால், அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

எழுத்துருவில் என் விருப்பம் எளியது: பெயருக்கு நோட்டோ செரிஃப் தமிழ், வாழ்த்துக்குச் சாய்ந்த கையெழுத்துச் சாயல் கொண்ட கவிவாணர். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. ஒரே டேக்கில் மூன்றாவது எழுத்துருவைச் சேர்த்தால் தேர்தல் சுவரொட்டி போலாகிவிடும். அளவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஆங்கிலம் 7 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவில் படிக்கக்கூடியதாக இருக்கலாம், ஆனால் 'ணி', 'ஞை', 'ழூ' போன்றவற்றின் சுழிகள் அந்த அளவில் மையால் அடைபட்டுவிடும் என்பதால், தமிழை 9 புள்ளிக்குக் கீழே நான் இறக்குவதில்லை. கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக இருந்தால் தடித்த வடிவத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். சுற்றியுள்ள மை உள்ளே பரவி மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும்.

அடுத்தது தாள். வழக்கமான 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் பொட்டலத்தில் தொங்கும்போது சுருண்டுகொள்ளும். 200 ஜிஎஸ்எம் அளவிலான அட்டைத் தாள் விறைப்பாக நிற்கும். உங்கள் பிரிண்டர் அதிகபட்சம் எவ்வளவு கனத்தை ஏற்கும் என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிட்டு, பின்புறத் தட்டு இருந்தால் அதன் வழியாக ஒவ்வொரு தாளாகச் செலுத்துங்கள், ஏனெனில் கீழ்த்தட்டிலிருந்து போகும் தாள் வளைந்து திரும்ப வேண்டியிருப்பதால் கனமான அட்டை சிக்கிக்கொள்ளும். இங்க்ஜெட்டுக்கான பளபளப்பு ஃபோட்டோ தாளை லேசர் பிரிண்டரில் வைக்கவே வைக்காதீர்கள்; உள்ளே இருக்கும் சூட்டில் அதன் மேற்பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளக்கூடும். பெயரைக் கையால் எழுதப்போகிறீர்கள் என்றால் பளபளப்புத் தாள் எதற்குமே வேண்டாம், பளபளப்பில்லாத மேட் தாளை வாங்குங்கள். ஜெல் பேனாவால் பளபளப்பின் மேல் எழுதிவிட்டு, காய்ந்திருக்கும் என்று நம்பி விரலை வைத்த இடத்தில் பெயரின் பாதி என் கட்டைவிரலுக்கு இடம் மாறியிருந்தது.

இத்தனையும் சரியாகச் செய்தவரும் சறுக்கும் இடம் அச்சிடும் பெட்டி. அங்கே 'பக்கத்துக்குப் பொருத்து' என்பது பல நேரங்களில் நமக்குத் தெரியாமலேயே தேர்வாகியிருக்கும். விளிம்பைத் தவிர்ப்பதற்காக அது முழுப் பக்கத்தையும் ஏறக்குறைய 95 விழுக்காடு அளவுக்குச் சுருக்கிவிடக்கூடும். எனக்கு அப்படி ஆனபோது 45 மி.மீ. டேக் 43 மி.மீ. ஆகிவிட, வெட்டுவதற்காக அளவாகச் செய்துவைத்திருந்த அட்டை எதிலும் பொருந்தவில்லை. நெடுக்குவாட்டில் பக்கத்து டேக்கின் சிவப்பு முடியளவுக்கு எட்டிப் பார்த்தது. அதிலிருந்து ஏ4 கோப்பின் அடியில் மிஞ்சும் வெற்றிடத்தில், சரியாக 100 மி.மீ. நீளத்துக்கு, அதாவது 1181 பிக்சலுக்கு, ஒரு மெல்லிய கோடு போட்டுவிடுகிறேன். கோப்பைப் பிடிஎஃப்பாக மாற்றி, உண்மை அளவு அல்லது 100 விழுக்காடு என்று தேர்ந்தெடுத்து, முதலில் சாதாரணத் தாளில் அச்சிட்டு, அந்தக் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்ப்பேன். 95 என்று காட்டினால் நல்ல அட்டை வீணாகாமல் தப்பித்தது என்று பொருள். படம் பார்க்கும் செயலியிலிருந்து நேரடியாக அச்சிடுவதை நான் விட்டுவிட்டேன். அது சட்டத்துக்குப் பொருத்துகிறேன் என்று ஓரங்களையும் வெட்டிவிடுகிறது.

பின்பக்கத்திலும் அச்சிடலாம், ஆனால் தாளைத் திருப்பிப் போடும்போது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்வது சகஜம் என்பதால், பின்பக்கத்தில் கட்டமோ சட்டமோ வைக்காமல் சிறு வடிவங்களைத் தாள் முழுவதும் தூவிவிடுவது நல்லது.

மை நன்றாகக் காய்ந்த பிறகு, கட்டரையும் இரும்பு ஸ்கேலையும் கொண்டு வெட்டுங்கள். ஸ்கேலை டேக்கின் மேல் வைத்து, கழிவுப் பக்கமாகக் கத்தி ஓடும்படி பிடித்தால், கை வழுக்கினாலும் கிழிவது கழிவாகவே இருக்கும். ஒரே அழுத்தில் அறுக்க முயலாமல் மூன்று முறை மெதுவாக இழுத்தால் ஓரம் பிசிறாது. துளைக்கு, பஞ்சிங் மெஷினின் அடித்தட்டைக் கழற்றிவிட்டுத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டை வழியாக, நீங்கள் லேயரில் போட்டுவைத்த வெளிறிய புள்ளி நேராகக் கண்ணுக்குத் தெரியும், அதை நடுவில் கொண்டுவந்து அழுத்தினால் 12 டேக்கிலும் துளை ஒரே இடத்தில் விழும். நான் அந்தப் புள்ளியை மேல் விளிம்பிலிருந்து 9 மி.மீ. தள்ளி வைக்கிறேன், அதைவிட நெருங்கினால் நூலை இழுக்கும்போது அட்டை கிழிகிறது. நூலை இரண்டாக மடித்து, மடிப்பை முதலில் துளைக்குள் விட்டு, இரு முனைகளையும் அந்த மடிப்பின் வழியாக இழுத்தால் முடிச்சுப் போடாமலே பிடித்துக்கொள்ளும்.

தேவை ஏழெட்டுப் பெயர்கள்தான் என்றாலும் தாளில் 12 இடங்களையும் நிரப்பியே அச்சிடுகிறேன். மீதி டேக்குகளில் பெயர் லேயரை மட்டும் அணைத்துவிட்டால், எதிர்பாராமல் வந்து சேரும் பொட்டலங்களுக்குப் பேனாவால் எழுதிக் கட்டிக்கொள்ளலாம்.