அங்குலக் கணக்கை விட்டுக் காதை நம்புங்கள்

அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜின் 'சொனாட்டாஸ் அண்ட் இன்டர்லூட்ஸ்', கம்பிகளுக்கிடையில் ஸ்க்ரூ போன்ற பொருள்களைச் செருகிச் சத்தத்தை மாற்றிய பியானோவுக்கான படைப்பு. அதை வாசிக்க, இசைக்குறிப்போடு வரும் அட்டவணையில் உள்ள அங்குலக் கணக்குப்படியே கம்பிகளுக்கிடையில் ஸ்க்ரூக்களை வைத்தும் ஒலிப்பதிவில் கேட்ட சத்தம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். தவறு உங்கள் மேல் இல்லை. அந்த அளவுகள் 1940களில் கேஜ் பயன்படுத்திய பியானோவுக்கானவை. கம்பி நீளம் மாடலுக்கு மாடல் மாறும். அதே அங்குலம் உங்கள் பியானோவில் கம்பியின் வேறொரு புள்ளியில் போய் விழும்.

அட்டவணை அளவில் தொடங்கி, ஸ்க்ரூவை நூலளவு நகர்த்தி நகர்த்தி, அந்தக் கம்பிக்குரிய பியானோ கட்டையை மெல்லவும் பலமாகவும் தட்டிக் கேளுங்கள். ஓரிடத்தில் வெறும் 'டொக்'. சற்றுத் தள்ளினால் மணியோசை. பொருள் செருக வேண்டிய 45 சுரங்களுக்கும் இப்படிப் பார்க்க நேரம் பிடிக்கும்தான், ஆனால் இந்தப் படைப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது.

அப்புறம், இடது பெடலோடும் சோதியுங்கள். கிராண்ட் பியானோவில் அதை அழுத்தினால் சுத்தியல் வலப்பக்கம் நகர்ந்து, ஒரே சுரத்துக்குள்ள கம்பிகளில் முதல் கம்பியை விட்டுவிடும், சத்தமே மாறிவிடும்.

ஸ்க்ரூவைச் செருகும்போது வலது பெடலை அழுத்தி, கம்பியின் அதிர்வை அடக்கும் டாம்பர்களைத் தூக்கிக்கொள்ளுங்கள். கம்பிகளை விலக்க இரும்புக் கருவி வேண்டாம், சிறிய மர ஆப்பு போதும். டாம்பர்களில் கை படவே கூடாது.