சோர்ந்துபோகும் ஃப்ளிப்பர்: காயிலைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: என்னிடம் 1989-இல் வில்லியம்ஸ் நிறுவனம் வெளியிட்ட பின்பால் இயந்திரம் (சரிந்த தளத்தில் உருளும் பந்தைத் தட்டி ஆடுவது) ஒன்று இருக்கிறது. ஆடத் தொடங்கிய கால் மணி நேரத்தில் வலது ஃப்ளிப்பர், அதாவது பந்தைத் தட்டிவிடும் துடுப்பு, சோர்ந்துவிடுகிறது. பந்து சரிவுப்பாதையில் பாதி ஏறித் திரும்பி வந்துவிடுகிறது. அதை இயக்கும் மின்காந்தச் சுருளான காயிலை மாற்ற வேண்டுமா? பின்பால் தயாரிப்பை 1999-இலேயே அந்த நிறுவனம் கைவிட்டுவிட்டது. உதிரி பாகங்களுக்கு எங்கே போவது?

பதில்: காயில் லேசில் கெடுவதில்லை. கெட்டால் உறை கருகி நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். சூடேறும்போது செப்புக் கம்பியின் மின்தடை கூடி, இழுவிசை சற்றுக் குறைவது எல்லா இயந்திரங்களிலும் உள்ளதுதான். நல்ல நிலையிலுள்ள ஃப்ளிப்பர் அதைச் சமாளித்துக்கொள்ளும்; தேய்ந்துபோனது திணறும். தேய்மானம் எங்கே என்றுதான் பார்க்க வேண்டும்.

மின் இணைப்பைத் துண்டித்து, பந்துகளை வெளியே எடுத்துவிட்டு, ஆடுதளத்தைத் தூக்கி நிறுத்துங்கள். காயிலுக்குள் சென்றுவரும் இரும்புத் தண்டான பிளஞ்சரைக் கழற்றி அதன் முனையை விரலால் தடவிப் பாருங்கள். காயிலின் கோடியில் தண்டைத் தடுத்து நிறுத்தும் காயில் ஸ்டாப்பில் ஓயாமல் மோதியதில் முனை நசுங்கி, காளான் குடைபோல் விளிம்பு விரிந்திருக்கும். அந்த விளிம்புதான் காயிலுக்குள் இருக்கும் நைலான் குழாயான ஸ்லீவைச் சுரண்டுகிறது. ஸ்லீவுக்குள் கறுப்புத் தூள் படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். பிளஞ்சர், ஸ்டாப், ஸ்லீவ் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். தூளோடு கலந்து பசையாகி, பழைய நிலையே தேவலை என்றாகிவிடும்.

அடுத்து, ஃப்ளிப்பர் வீச்சின் முடிவில் திறக்கும் ஸ்விட்ச். உங்கள் இயந்திரத்தில் காயிலுக்கான முழு மின்னோட்டமும் இதன் வழியேதான் பாய்கிறது. முனைகள் கருகினால் ஃப்ளிப்பர் தளரும்; திறக்காமலே போனால் காயில் எரியும். முனைகளை மெல்லிய அரத்தால் தேய்த்து, ஃப்ளிப்பர் முழுதாக எழும்போது சுமார் 3 மில்லிமீட்டர் விலகுமாறு தகட்டை வளைத்துவிடுங்கள். 1992-க்குப் பிந்தைய வில்லியம்ஸ் இயந்திரங்களில் இந்த ஸ்விட்ச் நேர்மாறாக வேலை செய்யும், முனைகளில் தங்கப் பூச்சும் இருக்கும். அங்கே அரத்தைத் தொடவே கூடாது. கெட்டியான அட்டையை நடுவில் வைத்து இழுத்தால் போதும்.

இனி உதிரி பாகங்கள். இயந்திரத்தின் பெயரைச் சொல்லித் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். பாகத்தின் எண்ணைச் சொல்லுங்கள். ஃப்ளிப்பர் காயிலின் உறையில் எஃப்எல்-11629 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். மற்ற காயில்களில் ஏஇ-23-800 என்று இருந்தால், 23 என்பது கம்பியின் தடிமன் எண், 800 என்பது சுற்றுகள். ஒரே காலகட்டத்து வில்லியம்ஸ் இயந்திரங்கள் பலவற்றில் இதே பாகங்கள்தான். உரிமம் பெற்ற நிறுவனங்கள் இன்றும் இவற்றைத் தயாரிக்கின்றன. ஃப்ளிப்பர் பாகங்கள் முழுத் தொகுப்பாகவே கிடைக்கும். வலது, இடது கவனித்து வாங்குங்கள். பல இயந்திரங்களின் கையேடுகளை இன்டர்நெட் பின்பால் டேட்டாபேஸ் தளத்தில் பார்க்கலாம். பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிய காயிலை வாங்கலாம், பிளஞ்சரை வாங்காதீர்கள். அந்த ஒரு இயந்திரத்துக்கே உரிய பிளாஸ்டிக் சரிவுப்பாதை கண்ணில் பட்டால் தள்ளிப்போடாமல் வாங்கிவிடுங்கள்.

பின்பெட்டியையும் ஒருமுறை திறந்துவிடுங்கள். இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகையான சிபியு பலகையில் மூன்று ஏஏ பேட்டரிகள் இருக்கும். அவை கசிந்தால் பலகையையே அரித்துவிடும். பேட்டரிக் கூட்டை ஒயர் நீட்டி, பலகைக்கு வெளியே கீழ்ப்புறமாகப் பொருத்துவது நல்லது.